முகத்தை வெட்டிவிட்டு உடலைக் காட்டும் கேமரா

போன மாதம் எங்கள் வாசிப்பு வட்டத்தில் ஓர் ஆவணத் தொடர் திரையிட்டோம். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் பதினைந்து பேர், இரவல் வாங்கிய புரொஜெக்டர், சுவரில் ஆணியடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி. படத்தைத் தேர்ந்தெடுத்தவன் நான்தான். 2025 ஆகஸ்டில் நெட்ஃப்ளிக்ஸில் வந்த 'ஃபிட் ஃபார் டிவி'. மூன்று பகுதிகள். அமெரிக்காவில் என்பிசி தொலைக்காட்சி 2004இல் தொடங்கிப் பல ஆண்டுகள் நடத்திய 'தி பிக்கஸ்ட் லூசர்' என்ற எடைக்குறைப்புப் போட்டியின் திரைமறைவுக் கதை அது. ஊடகம் மனிதர்களை எப்படிச் சரக்காக்குகிறது என்று பேசுவதற்குத் தோதான படம் என்று நினைத்தேன்.

படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சிரிப்பு எழுந்தது. பழைய நிகழ்ச்சியின் துண்டுக் காட்சிகள் வந்துகொண்டிருந்தன. பருத்த உடம்புக்காரர்கள் மூச்சிரைக்க ஓடுகிறார்கள், பயிற்சியாளர்கள் முகத்துக்கு நேராக நின்று கத்துகிறார்கள். யாரோ ஒரு தம்பி ஏதோ சொன்னான். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. கடைசி வரிசையில் இருந்த ஒரு தங்கை மட்டும் சிரிக்கவில்லை. விவாதம் தொடங்கும் முன்பே எழுந்து போய்விட்டார். மறுநாள் போனில் கூப்பிட்டேன். "அண்ணே, சனங்க அவங்களைப் பார்த்துச் சிரிச்சது தப்புன்னுதானே அந்தப் படமே சொல்லுது? நம்ம ஆளுங்களும் உட்கார்ந்து அதையேதானே செஞ்சாங்க?" என்றார்.

அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன். யோசித்தவரை எழுதுகிறேன்.

முதலில் அந்தப் போட்டி. பருத்தவர்களைக் குடும்பத்திலிருந்து பிரித்து ஒரு பண்ணைவீட்டில் அடைத்து, பல மணி நேரம் உடற்பயிற்சி, குறைந்த சாப்பாடு. வாராவாரம் கேமரா முன்னால் எடைமேடை. ஆண்கள் சட்டையில்லாமல் ஏற வேண்டும், பெண்கள் மார்க்கச்சையோடு ஏற வேண்டும். போதாததற்கு இடையிடையே தின்பண்டங்களைக் குவித்து வைத்து, யார் கைவைக்கிறார்கள் பார்க்கலாம் என்று ஒரு 'சபலச் சோதனை' வேறு. இதிலே ஜெயித்தால் இரண்டரை லட்சம் டாலர். 2009இல் நடந்த எட்டாவது பருவத்தில் ஜெயித்தவர் டேனி காஹில். 195 கிலோவாக வந்தவர் 87 கிலோவாகப் போனார். ஊர் கைதட்டியது.

அதே பருவத்தில் கலந்துகொண்டவர்களில் 14 பேரை அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் குழுவினர் ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்தார்கள். ஆய்வு 2016இல் வெளிவந்தது. 14 பேரில் 13 பேருக்கு எடை திரும்பக் கூடியிருந்தது. நான்கு பேர் போட்டிக்கு வந்தபோது இருந்ததைவிடக் கூடுதலாக இருந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது எடை அல்ல, உடம்பு எரிக்கும் சக்தியின் அளவு. சும்மா இருக்கும்போது அந்த உடம்புகள் எரித்த கலோரி, அதே அளவுள்ள வேறொருவர் உடம்பு எரிப்பதைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 குறைவு. காஹிலுக்கு 800 குறைவு. உடம்பு பட்டினியை மறக்கவில்லை. ஆறு வருடம் கழித்தும் பஞ்சகாலம் நடக்கிறது என்றே நினைத்துச் சேமித்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடமும் திரையில் 'மனவுறுதி வேண்டும், சாக்கு சொல்லாதே' என்றுதான் கத்தினார்கள்.

அந்த நிகழ்ச்சியின் பிரபல பயிற்சியாளர்களில் ஒருவரான பாப் ஹார்ப்பருக்கு 2017இல் உடற்பயிற்சிக் கூடத்திலேயே மாரடைப்பு வந்தது. ஒல்லியான, கட்டுமஸ்தான மனிதர். பரம்பரைக் காரணம் என்றார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார். 'உன் ஒழுக்கக்கேடுதான் காரணம்' என்று அவரை யாரும் திட்டவில்லை. திட்டக் கூடாதுதான். அந்த நியாயம் ஏன் எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

'ஃபிட் ஃபார் டிவி' செய்த நல்ல காரியம் ஒன்று உண்டு. அன்று எடைமேடையில் நின்றவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேசவிட்டது. அவர்களுக்கு முகம் கிடைத்தது, வாக்கியம் கிடைத்தது. முதல் நாள் கடற்கரை ஓட்டத்தில் விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போகப்பட்ட பெண் தன் வாயால் தன் கதையைச் சொல்கிறார். ஆனால் படம் பழைய காட்சிகளை விட மனமில்லாமல் மறுபடி மறுபடி போடுகிறது. அதே வியர்வை, அதே அழுகை, அதே சட்டையில்லாத உடம்பு. அன்று துள்ளல் இசை, இன்று சோக இசை. கண்டிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே காட்சியைத் திரும்ப விற்கும் வித்தை இது. எங்கள் அறையில் சிரிப்பு எழுந்ததற்கு அந்தத் தம்பி மட்டும் பொறுப்பல்ல. சிரிக்கத் தோதாக வெட்டி ஒட்டப்பட்ட காட்சி, கருத்து மாறிய பிறகும் சிரிப்பைத்தான் வரவழைக்கும்.

சார்லட் கூப்பர் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர், தானும் பருத்தவர், 2007இல் ஒரு விஷயத்தைச் சுட்டிக்காட்டினார். உடல் பருமன் பற்றிய செய்தி எதுவானாலும் தொலைக்காட்சியிலும் பத்திரிகையிலும் ஒரே மாதிரிப் படம்தான் வரும். தெருவில் நடந்துபோகும் ஒரு பருத்தவரின் வயிறு, தொடை, பின்புறம். கழுத்துக்கு மேலே இருக்காது. இவர்களுக்கு 'தலையில்லாப் பருத்தவர்கள்' என்று பேர் வைத்தார். அடையாளம் தெரியக் கூடாது என்ற நல்லெண்ணம் என்பார்கள். அப்படியானால் அந்த ஆளைக் கேட்டுவிட்டு முகத்தோடு எடுத்திருக்கலாமே? கேட்கவில்லை. கண்ணும் வாயும் இல்லாத உடம்பு திரும்பப் பார்க்காது, பதில் சொல்லாது. பின்னணிக் குரல் அதன்மேல் என்ன வேண்டுமானாலும் ஏற்றலாம். 2011இல் ஐந்து பெரிய செய்தித் தளங்களின் படங்களை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தபோது, பருத்தவர்களின் படங்களில் 72 விழுக்காடு இழிவுபடுத்தும் விதத்தில் இருந்தன.

உடம்பைக் காட்சிப்பொருளாக்கி அறிவியல் பேசுவது கேமரா கண்டுபிடித்த காரியமும் அல்ல. சாரா பார்ட்மன் தென்னாப்பிரிக்கக் கொய்கொய் இனப் பெண். 1810இல் லண்டனுக்குக் கொண்டுபோய், அவருடைய பெரிய பின்புறத்தைக் காசு வாங்கிக்கொண்டு காட்டினார்கள். 1815 முடிவில் பாரிஸில் இறந்தார். குவியே என்ற பேர்பெற்ற விஞ்ஞானி உடலை அறுத்து ஆராய்ந்தார். எலும்புக்கூடும் உடல்வார்ப்பும் 1970கள் வரை பாரிஸ் அருங்காட்சியகத்தில் மக்கள் பார்வைக்கு இருந்தன. நெல்சன் மண்டேலா அரசு கேட்டு, பல வருடம் இழுத்தடித்து, 2002 ஆகஸ்ட் 9 அன்றுதான் சொந்த மண்ணில் அடக்கம் செய்தார்கள். பருத்த உடம்பு மீதான ஐரோப்பிய வெறுப்பில் நிறவெறி எவ்வளவு தூரம் ஊறியிருக்கிறது என்று கறுப்பினச் சமூகவியலாளர் சப்ரினா ஸ்ட்ரிங்ஸ் 2019இல் ஒரு முழுப் புத்தகமே எழுதியிருக்கிறார். மெலிவு என்பது வெள்ளையரின் கட்டுப்பாட்டுக்கு அடையாளம், பருமன் கறுப்பரின் அடங்காமைக்கு அடையாளம் என்று அடிமை வணிகக் காலத்திலேயே பிரித்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். யார் உடம்பு சுத்தம், யார் உடம்பு அசுத்தம் என்று பிரிப்பவன் என்ன செய்கிறான் என்று நமக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

இப்போது டிஎல்சி சேனலின் 'மை 600-எல்பி லைஃப்' பாருங்கள். 2012இல் தொடங்கியது. 270 கிலோவைத் தாண்டியவர்கள் அறுவைசிகிச்சைக்காக ஹூஸ்டன் நகரத்து மருத்துவரிடம் வருவார்கள். அனேகமாக ஒவ்வொரு பகுதியிலும் ஆரம்பத்திலேயே குளியல் காட்சி ஒன்று இருக்கும். அறுவைசிகிச்சைக்கும் குளியலுக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. பார்க்கிறவனுக்கு 'நல்லவேளை, நான் இப்படி இல்லை' என்று தோன்ற வேண்டும், அதற்குத்தான்.

எச்பிஓ 2012இல் எடுத்த 'தி வெயிட் ஆஃப் தி நேஷன்' அந்த ரகம் அல்ல. அரசு சுகாதார அமைப்புகளோடு சேர்ந்து பொறுப்பாக எடுத்த நான்கு பகுதித் தொடர். அதிலும் வரிசையைப் பாருங்கள். முதல் பகுதி 'விளைவுகள்', இரண்டாவது 'தேர்வுகள்'. பிறகு குழந்தைகள். உணவுக் கம்பெனிகளும் வறுமையும் நிறமும் உரக்கப் பேசப்படுவது பெரும்பாலும் நான்காவது பகுதியில்தான். அதற்குள் பார்வையாளர் தீர்ப்பு எழுதி முடித்திருப்பார்.

இந்த இடத்தில் ஒரு தோழர் என்னை மடக்கினார். "இதெல்லாம் தின்னு கொழுத்தவங்க பிரச்சினை தோழர். நம்ம சனத்துக்குச் சோறே கேள்விக்குறி. நாம எதுக்கு இதைத் தூக்கிப் பிடிக்கணும்?"

அவருக்கு என் அம்மாவைப் பற்றிச் சொன்னேன். முப்பது வருடம் நடவும் களையெடுப்பும். உடம்பு பெரியது. முழங்கால் வலி தாங்காமல் ஒரு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் காலைத் தொட்டே பார்க்கவில்லை. "நல்லா சாப்ட்டுட்டு உட்கார்ந்தே இருந்தா இப்படித்தான். வெயிட்டக் குறைங்க" என்று சீட்டு எழுதினார். அன்று காலை நாலு மணிக்கு எழுந்து, முந்தின நாள் சேறு காயாத காலோடு வந்தவர் அம்மா. வெளியே வந்ததும், "நான் எங்கடா உட்கார்ந்தேன்?" என்று மட்டும் கேட்டார். அந்த டாக்டரும் தொலைக்காட்சி பார்த்திருப்பார். பருத்த உடம்பைப் பார்த்ததுமே அதன் கதையும் அவருக்குத் தெரிந்துவிட்டது.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றுப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். அத்தனை பேரும் பண்ணையார் வீட்டு மருமகள்களா? அரிசியையும் சர்க்கரை போட்ட தேநீரையும் வைத்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும் வீட்டில், பருமனும் இரத்தசோகையும் ஒரே உடம்பில் குடியிருக்கும். வத்தலாக இருப்பவர்தான் ஏழை என்பது நாமே நம்பிக்கொண்டிருக்கும் ஒரு பழைய படம்.

இதைத் தோழருக்கு முன்பே சொன்ன ஒரு பெண் இருக்கிறார். ஜானி டில்மன். ஆர்கன்சா மாநிலத்தில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். சலவைக்கூடத்தில் வேலைபார்த்தவர். லாஸ் ஏஞ்சல்ஸின் வாட்ஸ் பகுதியில் அரசு உதவித்தொகையில் வாழ்ந்த தாய்மார்களை 1963இல் திரட்டியவர். பிறகு தேசிய நல உரிமை அமைப்பின் தலைவரானார். 1972இல் 'மிஸ்' பத்திரிகையில் எழுதிய கட்டுரையைத் தன்னை அறிமுகப்படுத்தியே தொடங்குகிறார். பெண், கறுப்பர், ஏழை என்று வரிசையாகச் சொல்லும்போதே பருத்தவர் என்பதையும் சேர்க்கிறார். கூச்சப்பட்டுச் சொல்லவில்லை, பெருமையடித்தும் சொல்லவில்லை. இந்த நாட்டில் எந்தெந்தக் காரணத்தால் நான் மனுஷியாக எண்ணப்படுவதில்லை என்ற கணக்கில் அதுவும் ஒரு வரி. நம்முடைய தலித் சிறுத்தைகள் பம்பாயில் தோன்றியதும் அதே 1972இல்தான்.

அடுத்த வருடம், 1973இல், லாஸ் ஏஞ்சல்ஸில் 'ஃபேட் அண்டர்கிரவுண்ட்' என்ற சிறு குழுவைச் சேர்ந்த ஜூடி ஃப்ரீஸ்பிரிட்டும் ஆல்டெபரனும் பருத்தவர் விடுதலை அறிக்கை வெளியிட்டார்கள். அதில் 'எங்களை அழகு என்று சொல்லுங்கள்' என்ற கெஞ்சல் இல்லை. வேலையில், கல்வியில், பொது இடத்தில், மருத்துவத்தில் சம உரிமை கேட்டார்கள். எடைக்குறைப்புத் தொழிலை எதிரி என்று பேர் சொல்லிக் குறித்தார்கள். முடிவில் மார்க்ஸ், எங்கெல்ஸ் அறிக்கையின் கடைசி முழக்கத்தைத் தங்களுக்கேற்பத் திருப்பிப் போட்டார்கள். 1976இல் மிச்சிகன் மாநிலம் எடையைக் காட்டி வேலை மறுப்பதைச் சட்டப்படி தடுத்தது. நியூயார்க் நகரம் அதைச் செய்ய 2023 ஆனது.

இந்த வரலாறு தொலைக்காட்சிக்கு வரும்போது என்ன ஆனது தெரியுமா? 'உன் உடலை நீ நேசி' ஆகிவிட்டது. உரிமை போய்விட்டது, கண்ணாடி வந்துவிட்டது. 2004இல் டவ் சோப்பு 'உண்மையான அழகு' என்று விளம்பரம் தொடங்கியது. எல்லா உடம்பும் அழகுதான் என்றது. டவ் யாருடையது? யூனிலீவருடையது. அப்போது எடைக்குறைப்புப் பானமான ஸ்லிம்ஃபாஸ்ட் யாருடையது? அதே யூனிலீவருடையது. நம் ஊரில் 1975 முதல் கறுப்புப் பெண்களுக்கு வெள்ளைத்தோல் ஆசை காட்டி ஃபேர் அண்ட் லவ்லி விற்றது யார்? அதே கம்பெனியின் இந்தியக் கிளை. 2020இல் பேரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். நேசிக்கவும் அவனிடம் வாங்கு, வெறுக்கவும் அவனிடம் வாங்கு.

நமக்குச் சுயமரியாதை என்ற சொல் இருக்கிறது. அதைக் கண்ணாடி முன் நின்று தன்னைத் தானே கொஞ்சிக்கொள்வது என்று இங்கே யாரும் புரிந்துகொண்டதில்லை. தெருவில் செருப்புப் போட்டு நடப்பது, தோளில் துண்டு போடுவது, நாற்காலியில் உட்காருவது அது. பருத்தவர்கள் கேட்பதும் நேரடிப் பொருளிலேயே நாற்காலிதான். கைப்பிடி குத்தாத நாற்காலி, ஏறினால் முறைக்காத பேருந்து, காலைத் தொட்டுப் பார்க்கிற டாக்டர்.

சாதிக்கும் இதற்கும் முடிச்சுப் போடுகிறேன் என்று யாரும் பாய வேண்டாம். இரண்டும் ஒன்றல்ல. பருத்தவர்கள் என்பதற்காகக் குடிசைகளை யாரும் கொளுத்தவில்லை. பருமன் பிறப்பால் வருகிற படிநிலையும் அல்ல. ஆனால் பேர் வைக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி இரண்டிலும் வருகிறது. 'ஹரிஜன்' என்று இரக்கப்பட்டு வைத்த பேரைத் தள்ளிவிட்டு 'தலித்' என்று நாமே எடுத்துக்கொண்டோம். அவர்களும் மருத்துவர் வைத்த பேரையும் துணிக்கடை வைத்த பேரையும் தள்ளிவிட்டு, வசவாக இருந்த 'ஃபேட்' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். தமிழில் எந்தச் சொல் என்று எனக்குப் பிடிபடவில்லை. 'குண்டு' பள்ளிக்கூடத்து வசவு. 'குண்டர்கள்' என்று எழுதினால் நம் தோழர்கள்மேல் போடும் சட்டம்தான் ஞாபகம் வருகிறது. இங்கே 'பருத்தவர்' என்று எழுதியிருக்கிறேன். அவர்கள் வேறு சொல் எடுத்தால் மாற்றிக்கொள்கிறேன்.

எடை கூடினால் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் வரும் வாய்ப்புக் கூடும். அதை நான் மறுக்கவில்லை. நோய் வந்தவருக்கு மருத்துவம் வேண்டும். நோயாளியோ ஆரோக்கியமானவரோ, மரியாதை அதற்கு முன்பே வேண்டும். இதைப் புரிந்துகொண்டு எடுத்த படமும் இருக்கிறது. ஜீனி ஃபின்லே இயக்கிய 'யுவர் ஃபேட் ஃப்ரெண்ட்', 2023இல் வந்தது. பேர் மறைத்து எழுதிவந்த ஆப்ரி கார்டன், தன் முகத்தோடு வெளியே வரும் ஆறு வருடக் கதை. எடைமேடை அதில் கதாநாயகன் இல்லை. அவர் பேசுகிறார், நீச்சலடிக்கிறார், அப்பா அம்மாவோடு சங்கடமான உரையாடல் நடத்துகிறார். முடிவில் அவர் மெலிவதில்லை. 'முன்பு, பின்பு' என்று இரண்டு படம் போட்டுப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

கடைசியாக நம் வீட்டுக்கு வருகிறேன். அந்தத் தங்கை போனை வைப்பதற்கு முன் இன்னொன்றும் சொன்னார். "நம்ம துண்டறிக்கையில பண்ணையாரை எப்பவும் எப்படி வரையுறோம்னு பாருங்க அண்ணே." எடுத்துப் பார்த்தேன். பத்து வருடத்துத் துண்டறிக்கைகள், சுவரொட்டிகள். பண்ணையார் என்றால் தொப்பை, முதலாளி என்றால் தொப்பை, ஊழல் அமைச்சர் என்றால் இரட்டைத் தாடை. வீதி நாடகத்தில் வட்டிக்காரன் வேடத்துக்கு நாமே வயிற்றில் தலையணை கட்டிவிடுகிறோம். கூட்டம் சிரிக்கும். அந்தக் கூட்டத்தில் என் அம்மாவும் உட்கார்ந்திருப்பார். போராட்டப் படம் எடுக்கும்போது "அக்கா, நீங்க கொஞ்சம் பின்னாடி நில்லுங்க, பேனர் மறைக்குது" என்று ஒருவரிடம் மட்டும் நாம் சொன்னதும் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அடுத்த திரையிடலுக்குப் படத்தை அந்தத் தங்கையே தேர்ந்தெடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருகிற மாதம் நடக்கும் பஞ்சமி நில மீட்பு ஊர்வலத்துக்கான சுவரொட்டியை எங்கள் ஓவியத் தோழரிடம் திருப்பிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கிப்போனார். நேற்று இரவு புதிய படம் வந்தது. பண்ணையார் இப்போது நம் எல்லோரையும்போலச் சாதாரண உடம்போடு நிற்கிறார். ஆள் யார் என்று தெரிய வேண்டுமே என்று, அவர் கையில் நம் நிலத்தின் பத்திரத்தைக் கொடுத்திருக்கிறார் தோழர்.